வேளிமலையிலிருந்து மணவாளக்குறிச்சி வரை

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை ஒரு பிடி அள்ளி, வெள்ளைத்தாளில் பரப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது கறுப்பு. அது இல்மனைட். ஊர்க்காரர்கள் கருமணல் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இடையிடையே மாதுளை நிறத்தில் கார்னெட், நிறமே இல்லாமல் மின்னும் சிர்கான், பால்வெளுப்பில் குவார்ட்ஸ். கொஞ்சம் பொறுமையாகத் துழாவினால் தேன் நிறத்தில், மூலை மழுங்கிய, பொடியுப்பைவிடச் சிறிய மணி ஒன்று தென்படும். அதன் பெயர் மோனசைட். அந்த ஒரு மணி எப்படி இங்கே வந்தது என்பதுதான் இங்கே சொல்லப்போகும் கதை. மணவாளக்குறிச்சி அது பிறந்த ஊர் அல்ல, வந்து சேர்ந்த ஊர்.

பிறந்து சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கிடந்த காலம். இன்று குமரி மாவட்டம் என்று சொல்கிற நிலத்தின் பாறைகள் அப்போது சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட சூட்டில் வெந்துகொண்டிருந்தன. அந்தச் சூட்டில் பழைய தாதுக்கள் கலைந்து புதிதாகப் படிகம் கட்டின. பெரும்பங்கு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். பிறகு பைராக்சின், கார்னெட், கறுப்பு மைக்கா. மோனசைட்டின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களும் தோரியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து கட்டிய படிகம் அது. மற்றத் தாதுக்களின் கட்டமைப்புக்குள் எளிதில் இடம் கிடைக்காத பெரிய அணுக்கள் இதில் வந்து குடியேறின. உள்ளே இருக்கும் தோரியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்துதான் அதன் வயதைச் சொல்கிறார்கள்.

இந்த வட்டாரத்து மலைகளில் முக்கியமான பாறைகள் இரண்டு, சார்னோக்கைட்டும் கோண்டலைட்டும். சார்னோக்கைட்டுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு கல்லறையிலிருந்து. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் சமாதிமேல் வைத்த பலகை சென்னைப் பக்கத்துக் கல். அதைக் கவனித்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893ல் அந்தப் பெயரைச் சூட்டினார். புதிதாக உடைத்த சார்னோக்கைட் கரும்பச்சையாக, எண்ணெய் பூசிய மினுக்கத்தோடு இருக்கும். அந்த மினுக்கம் போவதிலிருந்துதான் நம் மணியின் விடுதலை தொடங்குகிறது.

அதற்கு முன்னால் 20 கிலோமீட்டர் மேலே வர வேண்டுமே. மணி மேலே ஏறவில்லை. மேலே கிடந்த பாறைதான் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து, கரைந்து, ஆற்றோடு போய், கீழே இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. தலைமேல் இருந்த சுமை இறங்க இறங்க, அழுத்தத்துக்குப் பழகிய பாறை விம்முகிறது. விம்மும்போது தரைக்கு இணையாக ஏடு ஏடாகப் பிளக்கிறது. குமரி, நெல்லைப் பக்கத்து மொட்டைப் பாறைகளில் நடந்து போனால் சில இடங்களில் காலடிச் சத்தம் மாறி வெற்றொலி கேட்கும். மேல் ஏடு அடிப்பாறையை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். தென்னிந்தியக் கல்லுடைப்பவர்கள் இந்த விம்மலைத் தொழிலுக்கே பயன்படுத்தினார்கள். பாறைமேல் விறகை எரித்து, அந்த நெருப்பை மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். அடியில் பாறை தகடாகப் பிரிந்துவரும்.

நெருப்பு செய்வதை வெயில் செய்யாதா? பகலில் சுட்டு, இரவில் குளிர்ந்து, விரிந்தும் சுருங்கியும் பாறை வெடிக்கிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அமெரிக்கப் புவியியலாளர் டேவிட் கிரிக்ஸ் இதைச் சோதித்துப் பார்த்து 1936ல் எழுதினார். மெருகிட்ட கிரானைட் துண்டை மாற்றி மாற்றிச் சூடாக்கியும் உலர்ந்த காற்றில் குளிரவைத்தும் 89,400 முறை செய்தார். நாளுக்கு ஒரு முறை என்று கணக்கிட்டால் 244 ஆண்டு வெயிலுக்குச் சமம். கல்லில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு குளிரவைக்கும்போது தண்ணீரைத் தெளித்துப் பார்த்தார். சீக்கிரமே மெருகு மங்கி விரிசல் கண்டது. வெயில் தனியாக நின்று பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை, கூட்டாளி வேண்டியிருந்தது என்றுதான் அப்போது முடிவு கட்டினார்கள். சின்னத் துண்டை வைத்துச் செய்த சோதனை ஒரு மலைக்கு அப்படியே பொருந்துமா என்ற வாதம் பின்னால் எழுந்தது உண்மை. ஆனால் தண்ணீரின் பங்கை அதற்குப் பிறகு யாரும் குறைத்துப் பேசவில்லை.

பாடப்புத்தகம் ஒரு பக்கம் பௌதிகச் சிதைவு, மறுபக்கம் வேதியியல் சிதைவு என்று கோடு போட்டு அட்டவணை தரும். மதிப்பெண்ணுக்கு அது சரி. மலையில் அந்தக் கோடு கிடையாது. ஒரு மீட்டர் கனசதுரக் கல்லுக்கு வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர். அதையே ஒரு சென்டிமீட்டர் கனசதுரங்களாக உடைத்தால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். உடைப்பது பௌதிகம், ஆனால் அதனால் லாபம் அடைவது ரசாயனம். திருப்பியும் நடக்கிறது. மைக்காவின் அடுக்குக்குள் தண்ணீர் புகுந்து, அதிலுள்ள இரும்பு துருவேறும்போது படிகம் உப்புகிறது. உப்பிய மைக்கா பக்கத்துப் படிகங்களை நெம்பிப் பிரிக்கிறது. ரசாயனம் செய்த வேலை, விளைவு பாறையில் விரிசல். எது முதல், எது பின் என்று கேட்டால் மலைக்கே தெரியாது.

குமரியில் மழைக்குப் பஞ்சமில்லை. இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையையும் இவ்வளவு தாராளமாக வாங்கும் மாவட்டங்கள் குறைவு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு விழுவதால் சுத்தமான மழைநீரே இலேசான அமிலம்தான், அதன் பி.எச். அளவு சுமார் 5.6. மண்ணுக்குள் இறங்கியதும் அமிலத்தன்மை இன்னும் கூடுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணிடுக்குக் காற்றில் அந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். அந்தத் தண்ணீர் ஏடுகளுக்கு நடுவில் ஊறி நிற்கிறது. அங்கே அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

முதல் பலி பைராக்சின். அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிறது. கரும்பச்சைப் பாறையின் விளிம்பில் விரல் தடிமனுக்குப் பழுப்புக் கரை விழும். கல்குவாரியில் உடைத்துப்போட்ட பாறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நடுவில் பச்சை, ஓரத்தில் காவி, இரண்டுக்கும் நடுவில் கூர்மையான எல்லை. அதற்குப் பின்னால் ஃபெல்ட்ஸ்பார். சோடியமும் கால்சியமும் பொட்டாசியமும் கழன்று தண்ணீரோடு போகின்றன, சிலிக்காவிலும் ஒரு பங்கு கரைந்து போகிறது. மிஞ்சுவது வெள்ளைக் களிமண். எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துப் பக்கம் தோன்னக்கலில் வெட்டியெடுக்கும் கயோலின் இப்படிச் செத்த ஃபெல்ட்ஸ்பாரின் மிச்சம்தான். கழன்று போன சோடியம் ஆறு வழியாக நம் மணிக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் முன்பே கடலுக்குப் போய்விட்டது. கடலுப்பில் இருக்கும் சோடியமே இப்படி உலகம் முழுக்கப் பாறைகளிலிருந்து வந்துசேர்ந்ததுதான். கால்சியம் சிப்பிக்கும் சங்குக்கும் ஓடாகிறது.

எந்தத் தாது முதலில் சாகும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. மின்னசோட்டாப் பாறைகளை ஆராய்ந்த சாமுவேல் கோல்டிச் 1938ல் அதை எழுதிக்காட்டினார். மிக அதிகச் சூட்டில் முதலில் படிகமானவை மேற்பரப்பில் முதலில் சிதைகின்றன. கடைசியாகக் குளிர்ந்த குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கிறது. பூமிக்குள் இருந்த நிலைமையிலிருந்து ஒரு தாது எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அதற்கு இங்கே ஒத்துவராமல் போகிறது. மோனசைட் இந்தப் பட்டியலில் இல்லை. உயர்சூட்டில் பிறந்தும் சிதையாத விதிவிலக்கு அது.

எவ்வளவு பிடிவாதம் என்று தெரிய அதன் பங்காளியைப் பார்க்க வேண்டும். அதே பாறையில் அபடைட் என்று இன்னொரு பாஸ்பேட் தாது உண்டு. கால்சியம் பாஸ்பேட். பாறையிடுக்கில் இறங்கிய அரசமரத்து வேர் இலேசான அமிலத்தைக் கசியவிட்டால் அபடைட் கரைந்து தன் பாஸ்பரஸைக் கொடுத்துவிடுகிறது. அதை உண்டுதான் மரம் பூக்கிறது, காய்க்கிறது. பாறைமேல் படரும் லைக்கனும் இதே வேலையைத் தன் அளவில் செய்கிறது. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி லைக்கன் வகைதான், ஆனால் பெயரில் கல் இருந்தாலும் அது பெரும்பாலும் மரப்பட்டையில் வளர்வது. லைக்கன் சுரக்கும் ஆக்ஸாலிக் அமிலம் இரும்பையும் கால்சியத்தையும் பிடுங்கும். இவ்வளவு பேர் கைநீட்டியும் பக்கத்தில் இருக்கும் மோனசைட் தன் பாஸ்பரஸில் ஏறக்குறைய எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அருமண் அணுக்களும் பாஸ்பேட்டும் கட்டிக்கொண்ட கட்டு அத்தனை இறுக்கம், தண்ணீரில் கரையவே மறுக்கும் சேர்மம்.

சுற்றியிருந்த வீடு இடிந்தும் மணி நகரவில்லை. குமரி மாவட்டத்து மேட்டுநிலத்தில் கிணறு தோண்டினால் இந்தக் கட்டத்தைப் பார்க்கலாம். மேலே செம்மண். அதன் கீழே சரளை. சில இடங்களில் வெட்டுக்கல் என்று வீடு கட்ட அறுத்தெடுக்கும் செம்பூரான்கல். அதற்கும் கீழே உக்கிய பாறை. பார்த்தால் பாறைபோலவே இருக்கும், வரிகளும் பட்டைகளும் அப்படியே தெரியும், மண்வெட்டியால் கொத்தினால் பொலபொலவென்று உதிரும். ஒரு காலத்து ஃபெல்ட்ஸ்பார் இருந்த இடத்தில் வெள்ளை மாவு, பைராக்சின் இருந்த இடத்தில் காவிப்பொடி. இடம் மாறாமலே பாறை மண்ணாகிவிட்டது. நடுநடுவே உக்காமல் தப்பிய குண்டுக்கற்கள் உருண்டையாகக் கிடக்கும். மூலையில் மூன்று பக்கமும், விளிம்பில் இரண்டு பக்கமும் தண்ணீர் தின்பதால் கனசதுரமாக இருந்த கல்லும் கடைசியில் உருண்டைதான். இவ்வாறு ஒரு மீட்டர் பாறை உக்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எதுவும் நகராமல் எல்லாமே மாறிவிட்ட இடம்.

பிறகு ஒரு மழையில் சரிவு இறங்குகிறது.

வேளிமலையில் உற்பத்தியாகும் வள்ளியாறு பெரிய ஆறு அல்ல. பேச்சிப்பாறை, கோதையாறு என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில்கூட எடுக்கமாட்டார்கள். கடியப்பட்டணம் பக்கம் கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் சிவந்து பெருகும், கோடையில் மெலியும். நம் மணி அதில் இறங்கியதாக வைத்துக்கொள்வோம். களிமண் தண்ணீரில் மிதந்து அன்றே கடலுக்குப் போய்விடும். மணி அடியில் உருண்டு, ஒரு வளைவில் தங்கி, அடுத்த வெள்ளத்தில் கிளம்பி, இன்னொரு வளைவில் தங்கி, இப்படியே போகும். மோனசைட் அப்படியொன்றும் கடினமான தாது அல்ல, கத்திமுனை கீறிவிடும். இருந்தும் பொடியாகாததற்குக் காரணம் அதன் சிறிய உருவம். இவ்வளவு சிறிய மணிகள் ஒன்றோடொன்று மோதும்போது நடுவிலுள்ள தண்ணீர்ப் படலம் அடியை வாங்கிக்கொள்கிறது. கூழாங்கல் வாங்குகிற உதை அவற்றுக்கு விழுவதில்லை. மூலைகள் மட்டும் மழுங்குகின்றன.

கனமான தாதுக்கள் ஆற்றின் வளைவுகளில் தங்குவதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராகவே நாம் அவரை அறிவோம். அதற்கு முன் இலங்கைக் கனிம ஆய்வுத்துறையின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற தாதுவை 1904ல் கண்டெடுத்தார். அதுவும் ஓடைகளின் இரத்தினச் சரளையிலிருந்து கிடைத்ததுதான். கோண்டுவானாவில் குமரிக்கு அண்டைவீடாக இருந்த பாறைகள் அவை. இன்றும் இலங்கையின் வடகிழக்கில் புல்மோட்டைக் கரையில் கருமணல் அள்ளுகிறார்கள்.

கழிமுகத்தைத் தாண்டியதும் மணி அலையின் கைக்குப் போகிறது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. கார்னெட் 4 அளவில், இல்மனைட் 4.7, மோனசைட் 5 அளவில். தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடியில், அலை ஓங்கி அடித்து ஏறுகிறது, திரும்பும்போது இலேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது கரையில் கிடந்துபோகிறது. சுளகில் புடைக்கும்போது பதரும் நெல்லும் பிரிகிற அதே கணக்கு, நாள் முழுக்க, ஓயாமல். கடலும் ஒரே இடத்தில் நின்றதில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. அது மீண்டும் ஏறியபோது பழைய கரைகளின் மணலையும் கலைத்து மறுபடி புடைத்துக் கரைக்குத் தள்ளியது. பாறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத தாது கண்ணில் படுமளவுக்குச் சேர்ந்தது இப்படித்தான். அதை யாரும் கொண்டுவந்து குவிக்கவில்லை. மற்றவை எல்லாம் போய்விட்டன.

கடற்கரைக்கு என்று தனியாக ஒரு சிதைவு உண்டு, உப்பு. கடல்சாரல் கல்லின் நுண்துளைக்குள் புகுந்து காயும்போது உப்புப் படிகம் வளர்ந்து உள்ளிருந்து நெருக்குகிறது. 2000ஆம் ஆண்டு முதல் நாளில் திறந்த கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, உடல் முழுக்கக் காகிதக்கூழைப் பூசிவைப்பார்கள். கல்லுக்குள் இறங்கிய உப்பைக் கூழ் உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கழுவியெடுத்துவிட்டு மேலே ரசாயனப் பூச்சு. 133 அடி உயரச் சிலைக்குக் காகிதத்தால் பற்றுப்போடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். விட்டுவைத்தால் உப்பு வேலையைக் காட்டிவிடும். துளையே இல்லாத ஒற்றைப் படிகமான மோனசைட்டிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது.

1909ல் மோனசைட்டுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதில் மோனசைட்டைக் கண்டார். அந்தக் காலத்தில் தோரியத்துக்கு அத்தனை கிராக்கி. ஆஸ்திரியரான கார்ல் ஆவர் கண்டுபிடித்த வாயுவிளக்கு மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டியெரித்த வெள்ளை வலைப்பை அந்த வழி வந்ததுதான். அதுவரை பிரேசில் கடற்கரை மணலை நம்பியிருந்த தொழில் இந்தப் பக்கம் திரும்பியது. சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. மின்விளக்கு வந்து மேண்டிலின் மவுசு குறைந்தபின், அணுசக்தி தோரியத்துக்கு வேறொரு மதிப்பைக் கொடுத்தது. இந்திய அரசின் அருமணல் நிறுவனம் 1950ல் தொடங்கப்பட்டது. தனியார் தாதுமணல் அள்ளுவதைத் தமிழ்நாடு அரசு 2013ல் நிறுத்தியது. கரையோர மீனவ ஊர்களுக்கு மணல் என்பது தாது மட்டுமல்ல, கடலுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள ஒரே தடுப்பு. அள்ள அள்ளக் கரை தாழ்கிறது என்ற அவர்கள் பேச்சை எதிர்ப்புக் கோஷம் என்று தள்ளிவிட முடியாது.

கரை சேர்ந்ததும் சிதைவு முடிந்துவிடுகிறதா என்றால் இல்லை. கூடவே பயணம் செய்த இல்மனைட்டைப் பாருங்கள். அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. கணக்குப்படி டைட்டானியம் டை ஆக்சைடு 53 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் சுமார் 55. வடக்கே கொல்லம் பக்கத்துச் சவறையில் சுமார் 60. இரும்பு கழன்று போகப் போக டைட்டானியத்தின் பங்கு ஏறுகிறது. சவறை மணல் அதிகமாகச் சிதைந்த மணல், அதனாலேயே பெயிண்ட் தொழிலில் அதற்கு மதிப்பு அதிகம். சிதைவு ஒரு பொருளின் விலையைக் கூட்டும் அபூர்வ இடங்களில் இது ஒன்று. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல்மேடுகளின் செந்நிறமும் மணல் வந்து குவிந்தபின் நடந்த வேலைதான். கனத் தாதுக்களிலிருந்து கசிந்த இரும்பு ஒவ்வொரு குவார்ட்ஸ் மணிமேலும் செம்பூச்சாகப் படிந்தது.

ஆலைக்குள் நடப்பது பழைய கதையின் சுருக்கம். சுருள்வாய்க்காலில் தண்ணீரோடு மணலை ஓடவிட்டால் கனமானது உள்விளிம்பிலும் இலேசானது வெளிவிளிம்பிலும் பிரியும். பிறகு காந்தம் இல்மனைட்டை முதலில் இழுக்கும். கார்னெட்டும் மோனசைட்டும் பலமான காந்தத்துக்கு மட்டுமே மசியும், சிர்கான் எதற்கும் மசியாது. உயர் மின்னழுத்த உருளை மின்கடத்தும் தாதுக்களை ஒருபுறமும் கடத்தாதவற்றை மறுபுறமும் வீசும்.

மோனசைட்டை யாரும் சந்தையில் வாங்க முடியாது. அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் அது. ஒடிசாவின் சத்ரபூரில் உள்ள ஆலையில் அதை உடைக்கிறார்கள். முதலில் மாவாக அரைக்கிறார்கள், பரப்பு கூட வேண்டும் என்பதற்காக. பிறகு காஸ்டிக் சோடாவில் வேகவைக்கிறார்கள். வேரும் மழையும் உப்பும் கேட்டுக் கேட்டு அலுத்த பாஸ்பரஸ் சில மணி நேரத்தில் கழன்று டிரைசோடியம் பாஸ்பேட்டாக வெளியே வருகிறது, எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் சலவைப் பொருள்களுக்குப் போகிறது. அருமண் தனிமங்கள் குளோரைடாக ஆலுவாவுக்கு அனுப்பப்படுகின்றன. தோரியம் பத்திரமாகச் சேமிப்புக்குப் போகிறது, ஈயமாக மாறிக்கொண்டே.